ஓகஸ்ட் லீவில கண் தெரியாத பிள்ளையளுக்கு 5 நாள் காம்ப் – அனுபவம் உள்ள ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ

கிணத்தடி:
வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் ஒரு 6 பேர் சேர்ந்து வாற ஓகஸ்ட் லீவில கண் தெரியாத, பார்வை குறைஞ்ச பிள்ளையள் 18 பேருக்கு 5 நாள் காம்ப் ஒண்டு நடத்துவம் எண்டு நிக்கிறம். வயசு 9ல இருந்து 15 மட்டும். வெளியில இதை சம்மர் காம்ப் எண்டுவினம், எங்களுக்கு வருசம் முழுக்க சம்மர்தானே, அதால லீவுக் காம்ப் எண்டே வைச்சிருக்கிறம். இடம் உரும்பிராய்ப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீடு, பெரிய வளவு, மா, பலா, கிணறு எல்லாம் இருக்கு, வீட்டுக்காரர் கனடாவில, வாடகை வேண்டாம் எண்டிட்டினம். இரவு தங்கேல்ல, காலமை 8க்கு வான்ல ஏத்தி பின்னேரம் 5க்கு வீட்டை விடுறது.
இப்போதைக்கு போட்டு வைச்சிருக்கிற பிளான்: காலமை பிரெய்லும் (விரலால தடவி வாசிக்கிற புள்ளி எழுத்து) கணக்கும், மத்தியானம் சாப்பிட்டு கதை சொல்லுறது, பின்னேரம் பாட்டு, கடைசி நாள் பெற்றாரையும் ஒரு பிரதம விருந்தினரையும் கூப்பிட்டு பிள்ளையளின்ர கலை நிகழ்ச்சி. கிணத்தை சுத்தி கம்பி வலை அடிச்சு பூட்டிறம். வேற என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? எங்களில ஒருத்தருக்கும் இதில முன் அனுபவம் இல்லை, அதால பேச்சு விழுந்தாலும் பறவாயில்லை.

சுன்னாகத்தான்:
முதல்ல கலண்டரைப் பாருங்கோ. நல்லூர் 25 நாள் திருவிழா ஓகஸ்ட் லீவோடதான் வரும், தேர் தீர்த்தம் நேரம் றோட்டு பூட்டு, வான்காரன் ஒருத்தனும் வரமாட்டான், பெற்றாரும் கோயிலுக்கு போயிடுவினம்.
ரெண்டாவது, புதுசா சில்லைக் கண்டுபிடிக்க வெளிக்கிடாதேங்கோ. சுன்னாகத்தில வாழ்வகம் இருக்கு, கைதடியில நுபீல்ட் பள்ளிக்கூடம் இருக்கு, வருசக்கணக்கா இதே வேலையா நிக்கிற ஆக்கள். ஒரு நாள் போய் சும்மா ஒரு மூலையில இருந்து பாத்திட்டு வந்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

வெள்ளைப்பிரம்பு:
தம்பி கிணத்தடி, நான் பிறவியிலேயே கண் தெரியாதவன், இப்ப ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். போன் வாசிச்சுக் காட்ட காட்ட டைப் பண்ணுறன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. பேச்சு விழுந்தாலும் பறவாயில்லை எண்டு நீங்களே சொன்னபடியால் ஒளிக்காமல் சொல்லுறன்.
உங்கட பிளானைக் கேட்டோண்ண எனக்கு என்ர 13 வயசு ஞாபகம் வந்திட்டுது. அப்ப ஒரு லீவு வகுப்புக்கு என்னை விட்டவை. 4 நாளும் கதிரையிலதான். எழும்பினா "தம்பி அசையாத, விழுந்திடுவாய்", தண்ணி கேட்டா வாயடியில கொண்டந்து தருவினம், கடைசி நாள் மேடையில ஏத்தி பாடச் சொன்னவை. எனக்கு பாட்டு வராது. சத்தியமா வராது. கண் தெரியாட்டி பாட்டு தானா வரும் எண்டு ஆர் சொன்னதோ தெரியேல்ல, சுதி பிசகி நான் ஒரு தேவாரம் பாட முன்னுக்கு இருந்த ஆக்கள் அழுதினம். ஏன் அழுதவை எண்டு எனக்கு வீட்டை வந்துதான் விளங்கினது, அண்டைக்கு நான் நினைச்சது என்ர பாட்டு அவ்வளவு மோசம் எண்டு.
வீட்டிலயும் அதுதான் கதை. அம்மா பாவம், அவவில பிழை இல்லை. ஆனா 20 வயசு மட்டும் நான் ஒரு வாளி தண்ணி அள்ளினதில்லை, ஒரு தேங்காய் துருவினதில்லை, நெருப்புக்குச்சி தட்டினதில்லை. பிரெய்ல் பள்ளிக்கூடத்தில பழக்குவினம், பாட்டு எல்லாரும் பழக்குவினம். ஒரு கத்திரிக்காயை எப்பிடி வெட்டுறது எண்டு ஆரும் பழக்கேல்ல. உங்களுக்கு 5 நாள்தான் கிடக்கு, பிள்ளையளுக்கு வேற இடத்தில கிடைக்காததைக் குடுங்கோ.
அந்தக் கிணத்தை பூட்டாதேங்கோ. கிணத்தை பழக்குங்கோ.

அம்மா_ஒருத்தி:
அண்ணை, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா நான் ஒரு தாய். என்ர பிள்ளையை கிணத்தடியில விட்டிட்டு நான் வீட்டை எப்பிடி இருக்கிறது? எங்கட ஊரில கிணத்தில விழுந்து கண் தெரிஞ்ச பிள்ளையளே செத்திருக்குதுகள்.
இன்னொண்டு, என்ர மகன் முழுக்கத் தெரியாதவன் இல்லை. 11 வயசு, பிறவியில தோலும் முடியும் வெள்ளை, வெளிச்சத்துக்கு கண் கூசும், கண்மணி ஆடிக்கொண்டே இருக்கும். எழுத்து பெரிசா, கறுப்பா இருந்தா கிட்டப் பிடிச்சு வாசிப்பான். இப்பிடி பிள்ளையளை எங்க போனாலும் ரெண்டுங்கெட்டான் மாதிரித்தான் வைச்சிருக்கினம், "உனக்கு தெரியும்தானே" எண்டு ஒரு இடத்தில, "உனக்கு தெரியாதுதானே" எண்டு இன்னொரு இடத்தில. உங்கட காம்பில இவனுக்கு என்ன இருக்கு?

மூண்டாம்புள்ளி:
அக்காவின்ர கேள்வி சரியான கேள்வி. நான் விசேட கல்வி அலகில படிப்பிக்கிறன். உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்குப்படி நல்ல கண்ணில 3/60க்கும் குறைவெண்டால்தான் பார்வையிழப்பு, அதாவது மற்றாக்கள் 60 மீற்றரில நிண்டு காணுறதை 3 மீற்றருக்கு வந்தும் காணேலாது. 6/18க்கு கீழ இருந்து 3/60 மட்டும் குறைபார்வை. ரெண்டுக்கும் வேலை வேற வேற. குறைபார்வைப் பிள்ளையை யன்னலுக்கு முதுகு காட்டி இருத்துங்கோ, வெள்ளைத் தாளில மொத்தக் கறுப்பு மாக்கர், வெளிய போகேக்க அகல விளிம்புத் தொப்பி. வெள்ளைச் சோத்தை வெள்ளைப் பீங்கானில போட்டா அந்தப் பிள்ளைக்கு பீங்கான் வெறுமை. கடும் நீலம் இல்லாட்டி கறுப்புப் பீங்கான் வாங்குங்கோ, காசு கூட வராது. முழுக்கத் தெரியாத பிள்ளைக்கு மணிக்கூட்டு முறை, 12ல சோறு, 3ல பருப்பு, 9ல கத்திரிக்காய். 5 நாளும் அதே இடத்தில அதே கறி வரோணும்.
பிரெய்ல் 5 நாளில பழக்கேலாது, ஆனா ஆசையைக் கிளப்பலாம், முக்கியமா பார்வை போய்க்கொண்டிருக்கிற பெரிய பிள்ளையளுக்கு. விரல் நுனிக்கு சின்னப் புள்ளியைக் குடுக்க முதல் கை முழுக்கப் பிடிபடுற மாதிரிக் குடுங்கோ. முட்டைத் தட்டை வெட்டி 2 நிரை, நிரைக்கு 3 குழி எண்டு எடுங்கோ, குழிக்குள்ள தேசிக்காய். இடப்பக்கம் மேல இருந்து கீழ 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. 1ல மட்டும் தேசிக்காய் வைச்சா அ. 1ம் 3ம் எண்டால் க. 1, 3, 4 எண்டால் ம. இந்த 6 குழிக்குள்ள மொத்தம் 63 விதமா வைக்கலாம்.
அம்மா எண்டு எழுத 5 தட்டு வேணும்: அ, பிறகு புள்ளிக்கு 4 மட்டும், பிறகு ம, இன்னொரு ம, கடைசியா ஆவுக்கு 3, 4, 5. எங்கட எழுத்தில புள்ளி மெய்க்கு மேல, பிரெய்லில மெய்க்கு முன்னால. இன்னொரு வடிவான விசயம், கொம்பு, இரட்டைக் கொம்பு பிரச்சினையே இல்லை. கை எண்டால் முதல் க, பிறகு ஐ, வாய் சொல்லுற ஒழுங்கிலயே வரும். கண் தெரிஞ்ச எங்கட பிள்ளையள் "கெ"யும் "கொ"வும் குழம்பிக்கொண்டு நிக்க, இதுகளுக்கு அந்தத் தலையிடி இல்லை.
பிரெய்ல் எழுதுற சட்டத்தில தாளை வைச்சு ஊசியால குத்தி எழுதுறதெண்டால் தாளின்ர பின்பக்கம் குத்துறது, அதால வலப்பக்கத்தில இருந்து இடப்பக்கம் எழுதோணும், திருப்பிப் பிடிச்சா இடமிருந்து வலம் வாசிக்கலாம். தொண்டர் ஆக்களுக்கு இதை முதலே பழக்குங்கோ, இல்லாட்டி பிள்ளை சரியா எழுத நீங்கள் பிழை எண்டு நிப்பியள்.
படம் கீறுறதுக்கு ஒரு பலகையில நுளம்பு நெற் கம்பி வலையை இறுக்கி அடிச்சு அதுக்கு மேல தாளை வைச்சு மெழுகுக் கிறேயோனால கீறினா கோடு தடவ சொரசொரப்பா வரும். முக்கோணம், வட்டம், யாழ்ப்பாணப் படம் எல்லாம் பிள்ளையே கீறும், கீறினதை தானே தடவிப் பாக்கும்.

பனங்காய்:
நல்ல கருத்துகள். ஆனா ஒண்டு, காசு ஆர் தாறது? ஸ்பொன்சர் பண்ணுற ஆக்களுக்கு போட்டோ வேணும், வீடியோ வேணும். கடைசி நாள் நிகழ்ச்சி இல்லையெண்டால் அடுத்த வருசம் ஒருத்தரும் 5 சதம் தரமாட்டினம். பிள்ளையள் பாடுறதில என்ன பிழை? அதோட தொண்டர் ஆக்களின்ர கண்ணைக் கட்டி ஒரு மணித்தியாலம் நடக்க விட்டா அவைக்கும் கண் தெரியாதவையின்ர கஷ்டம் விளங்கும்.

வெள்ளைப்பிரம்பு:
பாட விருப்பமான பிள்ளை பாடட்டும், ஆர் மறிச்சது. பாட்டு வராத பிள்ளை தான் வெட்டின கத்திரிக்காயைக் காட்டட்டும். ஸ்பொன்சர் தாறவருக்கு அது போதாதெண்டால் அவர் கோயில் திருவிழாவுக்குக் குடுக்கட்டும், அங்க நோட்டீசில பேரும் வரும்.
கண்ணைக் கட்டி நடக்கிறதில எனக்கு பெரிய நம்பிக்கை இல்லை. திடீரெண்டு இருட்டினவனுக்கு விளங்கிறது பயம் மட்டும்தான், எனக்கு என்ர வீட்டுக்குள்ள ஒரு பயமும் இல்லை. ஒரு மணித்தியாலத்தில அவர் என்னைப் படிச்சிட்டன் எண்டு போவார், அதுதான் எனக்குப் பயம்.
அதை விட்டிட்டு தொண்டர் ஆக்களுக்கு இதைச் சொல்லுங்கோ. பிள்ளையின்ர கையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ, உங்கட முழங்கையைக் குடுங்கோ, பிள்ளை பிடிச்சுக்கொண்டு அரை அடி பின்னால வரும், உங்கட உடம்பு ஏறி இறங்கிறதிலயே படி இருக்கிறது அதுக்குத் தெரிஞ்சிடும். கிட்ட வரேக்க பேரைச் சொல்லுங்கோ, "நான் ஆரெண்டு சொல்லு பாப்பம்" எண்டு விளையாடாதேங்கோ, இந்த விளையாட்டை எனக்கு 40 வருசமா விளையாடுகினம். போகேக்கயும் சொல்லிப்போட்டுப் போங்கோ, காத்தோட கதைச்சுக்கொண்டு நிக்கிறது எவ்வளவு வெக்கம் தெரியுமோ.

கரண்ட்_பொடியன்:
பெரிய பிள்ளையளுக்கு கொம்பியூட்டர் ஒரு மணித்தியாலம் எண்டாலும் வையுங்கோ. திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற என்விடிஏ எண்ட மென்பொருளை சும்மா இறக்கலாம், தமிழும் வாசிக்கும். அன்ரொயிட் போனில அதே வேலை செய்யிற டோக்பாக் ஏற்கனவே கிடக்கு. ஆனா கவனம், உங்கட கதை, பாட்டு எல்லாம் பாமினி எண்ட பழைய ஃபொன்றில அடிச்சுக் கிடந்தால் பிரயோசனம் இல்லை. அம்மா எண்டு நீங்கள் திரையில காணுறதை அது "எம் கே செமிகோலன் கே எச்" எண்டு வாசிக்கும். இண்டைக்கும் எங்கட ஊரில பாதி டொக்கியுமென்ற் பாமினியிலதான் வருது, யூனிகோட்டுக்கு மாத்திப்போட்டுக் குடுங்கோ. ஸ்கான் பண்ணின பிடிஎஃப் எண்டால் அதுவும் இல்லை, வெறும் படம், அது வாயே திறக்காது.

சுன்னாகத்தான்:
பின்னேரம் கிரிக்கெட் வையுங்கோப்பா. கண் தெரியாதவையின்ர உலகக் கிண்ணம் 1998ல இருந்து நடக்குது. பிளாஸ்ரிக் பந்துக்குள்ள இரும்புக் குண்டு கிடந்து கிலுகிலுக்கும், பந்து போடுறவர் ரெடியோ எண்டு கேட்டு, அடிக்கிறவர் ஓம் எண்ட பிறகு "பிளே" எண்டு கத்திக்கொண்டு கையைக் கீழால சுழட்டி நிலத்தோட போடோணும். 11 பேரில குறைஞ்சது 4 பேர் முழுக்கப் பார்வை இல்லாத பி1 ஆக்கள், அவை எடுக்கிற ஓட்டம் ரெண்டு மடங்கு. அம்மா அக்காவின்ர மகன் மாதிரி பிள்ளையளும் அதே ரீமில விளையாடலாம். அந்தப் பந்து கிடைக்காட்டி ஒரு புட்போலை ஷொப்பிங் பாக்குக்குள்ள போட்டு முடிஞ்சு விடுங்கோ, உருளேக்க சரசரக்கும். கிரவுண்டைச் சுத்தி ஒருத்தரும் கத்தக்கூடாது, அதுதான் எங்கட ஆக்களுக்கு கஷ்டம்.

கிணத்தடி:
எல்லாருக்கும் நன்றி. பிளானைக் கிழிச்சுப் போட்டு திரும்ப எழுதினனாங்கள். பிரதம விருந்தினர் இல்லை. கிணத்துக்கு வலையும் இல்லை, ஆனா பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள், இடுப்பில பெல்ற், கிணத்துக்கட்டு நெஞ்சளவு வாற மாதிரி மேல ரெண்டு வரி கல்லு வைச்சுக் கட்டிறம். அக்கா, நீங்களும் ஒரு நாள் வந்து பக்கத்தில நில்லுங்கோ. ஆனா மகனுக்கு நீங்கள் நிக்கிறது தெரியவேண்டாம். வெள்ளைப்பிரம்பு அண்ணை 5 நாளும் வாறன் எண்டிருக்கிறார், அதுதான் எங்களுக்குப் பெரிய பலம். முடிஞ்சாப் பிறகு வந்து எழுதுறன்.

கிணத்தடி (ஒரு மாசத்துக்குப் பிறகு):
முடிஞ்சுது. களைப்பு இப்பதான் போகுது. நல்லதையும் பிழைச்சதையும் சேத்தே எழுதுறன்.
பிழைச்சது முதல்ல. விறாந்தையில இருந்து கக்கூசுக்கு இடுப்பளவில ஒரு நைலோன் கயிறு இழுத்து, திரும்புற இடத்தில ஒரு துணிமுடிச்சு போட்டிருந்தனாங்கள், பிள்ளை தனிய பிடிச்சுக்கொண்டு போகும், முடிச்சு வந்தா இடப்பக்கம். முதல் நாள் நல்லாத்தான் போனது. ரெண்டாம் நாள் சமையலுக்கு நிண்ட அக்கா ஒராள் அதில ரெண்டு துவாயைக் காயப்போட்டிட்டா. ஒரு பொடியன் முதல் துவாயை முடிச்செண்டு நினைச்சு திரும்பி நேர குசினிக்குள்ள போய் பலாப்பழம் வெட்டிக்கொண்டு நிண்டவைக்கு நடுவில நிண்டிட்டான். திட்டுவினமோ எண்டு நிண்டவனுக்கு 4 சுளை குடுத்து அனுப்பினவை. அண்டையில இருந்து அரைவாசிப் பிள்ளையளுக்கு கக்கூசுக்குப் போற வழி அடிக்கடி பிழைச்சுது.
மற்றது, முதல் நாள் இரவு எங்கட ஆள் ஒருத்தர் வடிவா இருக்கட்டும் எண்டு கதிரையள் எல்லாத்தையும் வட்டமா மாத்தி அடுக்கிப்போட்டார். அடுத்த நாள் காலமை ஒரு பிள்ளை நேத்தைய கணக்கில விறுவிறெண்டு நடந்து வந்து முழங்கால் அடிபட்டுது. வெள்ளைப்பிரம்பு அண்ணை கத்தினார் பாருங்கோ, ஒரு கதிரையை அசைக்கிறதெண்டாலும் 18 பேருக்கும் சொல்லிப்போட்டு அசை எண்டு. பிறகு அந்தப் பக்கம் ஒருத்தரும் ஒரு சாமானையும் தொடேல்ல, விளக்குமாறு வைச்ச இடம் கூட 5 நாளும் மாறேல்ல.
இப்ப கிணறு. முதல் வெறும் வாளியைக் கையில குடுத்தனாங்கள், பிறகு கப்பியைத் தடவ விட்டு, பிறகு கயிறு. வாளி தண்ணியில படுற சத்தம் கேட்டோண்ண கயிறை ஒரு சுண்டு சுண்டோணும், இல்லாட்டி வாளி மிதந்துகொண்டு நிக்கும். அந்தச் சுண்டு பழகத்தான் கனநேரம் எடுத்தது. 10 வயசுப் பெட்டை ஒண்டு 6 தரம் வெறும் வாளியை மேல எடுத்தாள், ஏழாம் தரம் பாரம் ஏறினோண்ண "ஐயோ இழுக்குது இழுக்குது" எண்டு கத்தி, பாதி தண்ணி தன்ர சட்டையில, மீதியை தானே குடிச்சு முடிச்சாள். ஒருத்தருக்கும் குடுக்கேல்ல.
கணக்கு ரீச்சர் அதைப் பாத்திட்டு அடுத்த நாள் ஒரு கயிறு கொண்டந்தவ, அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில ஒரு கல்லு. பிள்ளையள் முடிச்சை எண்ணி எண்ணி விட்டுதுகள். 19ல தண்ணி, கயிறு லேசாகிறது கையில விளங்கும். 27ல கல்லு நிலத்தில குந்திச்சு. அப்ப தண்ணி எத்தினை அடி? எல்லாம் ஒரே குரலில எட்டு. ஒரு பெரிய பொடியன் கேட்டான், கீழ கடல் தண்ணி இல்லையோ எண்டு. அதில இருந்து ஒரு மணித்தியாலம் போச்சு. எங்கட சுண்ணாம்புக் கல்லுக்குள்ள மழைத்தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நிண்டால் கீழ ஒரு 40 அடிக்குக் கிட்ட நிக்கும், மேல இறைச்சு எடுக்க எடுக்க கீழ இருந்து உப்பு ஏறும். மிதக்கிறதெண்டால் என்னெண்டு கேட்டுதுகள், ரெண்டு வாளி வைச்சு ஒண்டில உப்பைக் கரைச்சு ரெண்டிலயும் முட்டையை விட்டுத் தடவச் சொன்னம். ஒண்டில முட்டை அடியில, மற்றதில விரலில வந்து முட்டுது.
நாலாம் நாள் கீரிமலை, கடற்கரையோட ஒட்டின நல்ல தண்ணி ஊத்து. கேணித் தண்ணியை வாயில விட்டுப் பாத்திட்டு அங்கால நாலு அடி போய் கடலையும் நக்கிப் பாத்துதுகள். முதல் நாள் கதைச்சதெல்லாம் அங்க வாய்க்குள்ள விளங்கிச்சு. யாழ்ப்பாணக் கோட்டைக்கும் போனனாங்கள், சுவரில முருகைக்கல்லு இருக்குதெல்லோ, தடவிப் பாத்திட்டு ஒருத்தன் "இது தேன்கூடோ" எண்டான். கண் தெரிஞ்ச நாங்கள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில எத்தினை செல்பி எடுத்திருப்பம், ஒரு நாளும் கை வைச்சுப் பாத்ததில்லை.
போட்டோ நாங்கள் எடுத்தது கையளை மட்டும். காசு தந்த ஒராள் கோவிச்சுக்கொண்டார், பரவாயில்லை. கடைசி நாள் பிள்ளையள் தாங்கள் வெட்டின காய்கறியில சாம்பார் வைச்சு பெற்றாருக்குப் பரிமாறினதுகள். உப்புக் கூடிப்போச்சு. எல்லாரும் சாப்பிட்டவை.

அம்மா_ஒருத்தி:
நான் மூண்டாம் நாள் வந்து மாமரத்துக்குப் பின்னால நிண்டனான். அவன் வாளியை எட்டிப் பிடிக்கக் குனிய என்ர கால் தானா முன்னுக்குப் போயிட்டுது, வெள்ளைப்பிரம்பு அண்ணை "அக்கா, நில்லுங்கோ" எண்டார், நான் மூச்சு விட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கு. இப்ப வீட்டில தேத்தண்ணி அவன்தான் போடுறான். விரல் நுனியை கோப்பைக்குள்ள விடாமல் ஊத்துற சத்தம் ஏறுறதைக் கேட்டு நிப்பாட்டுறான், காம்பில பழகினதாம். ஒரு கோப்பை உடைஞ்சது.

பனங்காய்:
சரி, தோத்துப்போனன். அடுத்த வருசம் வான் செலவு என்ர பொறுப்பு. போட்டோ வேண்டாம்.

மூண்டாம்புள்ளி:
கிணத்தடி, அந்த முடிச்சுக் கயிறு இப்ப ஆரிட்ட? எங்கட வகுப்புக்கு ரெண்டு நாள் இரவல் தரேலுமோ.

கிணத்தடி:
அது என்னட்ட இல்லை. அந்தத் தண்ணி முழுக்கக் குடிச்ச பெட்டை கேட்டு வாங்கிக்கொண்டு போட்டாள். தகப்பன் முந்தநாள் போன் எடுத்தவர், தங்கட கிணறு தண்ணிக்கு 16 முடிச்சாம், இப்ப ஒழுங்கையில உள்ள எல்லா வீட்டுக் கிணத்தையும் அளக்கக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நிக்கிறாளாம், தனக்கு வேலைக்குப் போகேலாமக் கிடக்காம்.

வெள்ளைப்பிரம்பு:
எல்லாத்தையும் பிரெய்லில எழுதி வைக்கச் சொல்லுங்கோ. மாரி மழை முடிஞ்சாப் பிறகு திரும்ப ஒருக்கா அளக்கட்டும்.